துணி சரியில்ல

ஒரு ஜெர்ஸியின் முதுகிலிருந்து ஒன்பதெழுத்தை உரித்துக்கொண்டிருந்தோம். நான் ஜெர்ஸியின் உள்பக்கத்திலிருந்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினேன். பசை இளகியதும் முதல் எழுத்தின் ஓரத்தை அம்மா இடுக்கியால் கிள்ளித் தூக்கினாள். எழுத்து கொஞ்சம் அடம்பிடித்து, பிறகு ஒரேயடியாகக் கையோடு வந்தது. வழக்கமாகப் பெட்டியைப் பிடிப்பவள் அம்மா. அன்று "நீ பிடி, எனக்குத் தோள் வலிக்குது" என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கான கெடு முடிகிற நாள் அது. அந்த ஒன்பதெழுத்துப் பெயர்க்காரர் முந்தின வாரம் வரை தன் கிளப்பின் சின்னத்துக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவர். அன்று காலை எதிரிக் கிளப்பின் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு புகைப்படத்துக்குச் சிரித்தார். சட்டைக்குச் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, பிடுங்கப்படுவது தன் பல் என்பதுபோல முகத்தை வைத்திருந்தார்.

"வலிக்குதா டாக்டர்?" என்றாள் அம்மா.

"சீக்கிரம் எடுங்கம்மா. பாக்கவே முடியல."

"இதையேதான் நானும் உங்க நாற்காலில உக்காந்து சொன்னேன். கேட்டீங்களா?"

ஒன்பது எழுத்தும் வந்த பிறகு முதுகில் அந்தப் பெயரின் நிழல் மிச்சமிருந்தது. சுற்றியிருந்த துணி துவைத்துத் துவைத்து வெளுத்திருக்க, எழுத்துக்கு அடியில் இருந்த இடம் மட்டும் புதுத் துணி நிறத்தில் இருந்தது. டாக்டர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அது போகாது. வேற ஒருத்தன் பேர மேல போட்டாத்தான் மறையும். யாரப் போடட்டும்? சின்னப் பேரா சொல்லுங்க. சின்னப் பேருக்காரன்தான் ஒரு எடத்துல நிப்பான்."

அதுதான் நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை. அன்று அதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை. டாக்டர் சட்டை, அவ்வளவுதான்.

எங்கள் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் எப்போதும் பூட்டியிருக்கும் ஒரு கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு ஹீட் பிரஸ், எழுத்து வெட்டும் மிஷின், பழைய கணினி, ஒரு ஆள், ஒரு வாக்குவாதம். இதற்கு மேல் கொள்ளாது. வேலையை விளக்குவது சுலபம். பெயரைக் கணினியில் அடித்தால் மிஷின் அதை வினைல் என்கிற பிளாஸ்டிக் ஒட்டுத்தாளில் கீறித் தரும். வேண்டாத பகுதியை இடுக்கியால் எடுத்துவிட்டு, எழுத்துகளைச் சட்டையின் முதுகில் வைத்து, சூடான இரும்புத் தட்டை இறக்கி அழுத்த வேண்டும். தட்டைத் தூக்கினால் உள்ளூர்த் தபால்காரர் உலகப் புகழ்பெற்ற முன்கள ஆட்டக்காரராக மாறியிருப்பார்.

அம்மாவுக்குக் கால்பந்தின் முன்பக்கம் தெரியாது. மருந்துக்கடை டிவியில் ஆட்டம் ஓடும். ஓர் ஆட்டக்காரரின் முகத்தை எவ்வளவு கிட்டத்தில் காட்டினாலும் யாரோ என்று பார்ப்பாள். அவர் திரும்பி நடந்தால் முகம் மலர்ந்துவிடும். "அட, நம்ம ஏழெழுத்து! இவன் இன்னும் ஆடுறானா?" என்பாள். "எனக்கு அவனுங்க முதுகுதான் பழக்கம்."

யாரையும் அவள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. பெயர் என்பது அவளுக்குப் படிக்கிற விஷயம் அல்ல, வெட்டுகிற விஷயம். ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து என்பதுதான் ஆள். பாதிக் கண்டத்தின் கனவு நாயகன் எங்கள் கடையில் ஐந்தெழுத்து. அவருக்குப் பதில் வந்தவர் பதினோரெழுத்து, சனியன், நடுவில் கோடு வேறு. சில நாட்டுப் பெயர்களில் எழுத்தின் தலைமேல் சிறு புள்ளியோ கீற்றோ உட்கார்ந்திருக்கும். அதை அம்மா தன் தனிப்பட்ட விரோதியாகக் கருதினாள். உரிக்கும்போது அந்தப் புள்ளி எங்காவது பறந்துவிடும். ஒருமுறை கடை முழுவதும் தேடி, கடைசியில் மாமா அதை அம்மாவின் தாடையில் கண்டுபிடித்தார். "மச்சம்னு நெனச்சேன்க்கா. அழகா இருந்துச்சு, அதான் சொல்லல," என்றார்.

மாமா அவளுடைய தம்பி. மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். எந்தத் தெருவில் வேலை இருந்தாலும் எங்கள் கடை வழியாகத்தான் அந்தத் தெருவுக்குப் போவார். கால்பந்து அவருக்கு மதம், கட்சி, குடும்பம் மூன்றும். அவர் கும்பிடும் நாடு எந்தக் கோப்பையையும் வென்றதில்லை. அதனால் அவருக்கு எப்போதும் பேச விஷயம் இருந்தது.

"அக்கா, இப்ப ரெஃப்ரி தப்பா ஊதிட்டா டிவில போட்டுப் பாத்து மாத்திக்கலாம், தெரியுமா?"

"யாரு பாக்கறது?"

"ஊதினவரேதான். ஓரமா ஓடி வந்து பாப்பாரு. பாத்துட்டு, கையால காத்துல ஒரு பெட்டி போட்டுக் காட்டிட்டு, மாத்திருவாரு."

"அத்தன பேரு முன்னாலயா?"

"ஊரே பாக்கும். உலகமே பாக்கும்."

அம்மாவின் இடுக்கி நின்றது. "மானங்கெட்ட பொழப்பு," என்றாள்.

அவள் தன் பங்குக்கு எந்த முடிவையும் மாற்றிக்கொண்டதில்லை. ஒரு எழுத்து விட்டுப்போன பெயரோடு ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். "முதுகுல இருக்கறத அவனா படிக்கப் போறான்?" என்று கேட்டு அனுப்பினாள். எண் கோணலாக ஒட்டியிருந்தால், "நீங்க நேரா நில்லுங்க" என்பாள். தப்பு நடந்தால் காரணங்கள் வரிசையில் நிற்கும். முதலில் கரண்ட். அடுத்தது வினைல் அனுப்பிய கம்பெனி. சில சமயம் அந்த ஆட்டக்காரரே. எல்லாவற்றுக்கும் மேலே, எப்போதும் கைவசம் இருந்தது ஒரு வாக்கியம். "துணி சரியில்ல."

சாம்பாரில் உப்பு கூடினாலும் வீட்டில் நாங்கள் "துணி சரியில்லம்மா" என்போம். அவள் சிரிக்க மாட்டாள்.

உலகக் கால்பந்தின் ஒரு வருஷத்தை நான் தொலைக்காட்சியில் பின்தொடர்ந்ததில்லை. அம்மாவின் குப்பைத் தொட்டியில் பின்தொடர்ந்தேன். நான் ஓர் ஆலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். எதையும் மிச்சம் மீதியிலிருந்து ஊகிப்பது தொழில் பழக்கம். ஜனவரியில் தொட்டி நிறைய உரித்தெடுத்த பழைய பெயர்கள் கிடக்கும். ஆட்டக்காரர்கள் நடு வருஷத்தில் கிளப் மாறுகிற மாதம் அது. பிப்ரவரி, மார்ச்சில் தொட்டி காலி. அப்போது யாரும் புதுச் சட்டை வாங்குவதில்லை. தோற்கிறவர்கள் வீட்டில் அழுவார்கள், ஜெயிக்கிறவர்கள் ராசி போய்விடும் என்று சட்டையைத் துவைக்கக்கூட மாட்டார்கள். மே மாதத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் ஓய்வு அறிவிப்பார்கள். உடனே, பல வருஷம் அவர்களைத் திட்டியவர்கள் வரிசையில் நின்று அவர்கள் பெயரை முதுகில் வாங்கிக்கொள்வார்கள். "போறேன்னு சொன்னாத்தான்டி மதிப்பு," என்பாள் அம்மா. ஆகஸ்டில் கிளப்புகள் சட்டையின் கோடுகளை ஒரு விரல் நகர்த்திவிட்டுப் புதுச் சட்டை என்று விற்கும். பயிற்சியாளர்களை மட்டும் வருஷம் முழுவதும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அது தொட்டியில் தெரியாது. பயிற்சியாளர் பெயரை யாரும் முதுகில் போட்டுக்கொள்வதில்லை.

அந்த வருஷம் உலகக் கோப்பை வருஷம். ஜனவரியில்தான் அம்மாவுக்கு மருந்து ஏற்றத் தொடங்கியதும்.

முடி கொட்டியதும் கடையில் கிடந்த தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். அது ஏதோ ஒரு கிளப்பின் தொப்பி. எந்தக் கிளப் என்று பார்த்து எடுக்கவில்லை. மறுநாள் எதிரிக் கிளப்பின் தொப்பி. வாடிக்கையாளர்கள் குழம்பினார்கள். நேற்று வரை தன் பக்கம் என்று நம்பிய ஒருவர் கண் கலங்காத குறையாகக் கேட்டார்.

"நீங்களும் கட்சி மாறிட்டீங்களாம்மா?"

"எனக்கு மண்ட குளிருதுப்பா. குளிருக்கு ஏது கட்சி?"

நோயைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. தொப்பியைப் பற்றிய சர்ச்சையில் அது மறைந்துபோனது. உலகத்தில் எந்த நோயையும் கால்பந்தால் மறைத்துவிடலாம் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மருந்துக்கு முடியோடு திருப்தி இல்லை. விரல் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. முதலில் அதை அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்த டீ டம்ளரை விளிம்பில் பிடிக்காமல் நடுவில் பிடித்துத் தூக்கினாள். அவள் முகம் மாறவில்லை. "ஆறிப்போச்சு, வேற போடு," என்றாள்.

விரல்தான் அவளுடைய தெர்மாமீட்டர். தட்டைத் தூக்கியதும் ஒட்டிய எழுத்தின்மேல் விரல் நுனியை வைத்து ஒரு கணம் பார்ப்பாள். சூடு போதாது என்று பட்டால் மிஷினின் திருகை ஏற்றுவாள். அந்த வருஷம் எதுவும் சூடாகவே இல்லை. திருகு ஏறிக்கொண்டே போனது. நூற்றி ஐம்பது டிகிரியில் ஒட்ட வேண்டியதை நூற்றி எண்பதில் ஒட்டினாள். அதற்கு மேல் போகவில்லை. மேலே போனால் மிஷின் வெடிக்கும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அந்தப் பொய்க்காக அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

இங்கே வேன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு வழியாகப் பள்ளி வேன் ஓட்டுபவர். எங்கள் கடையில் கோல்கீப்பர் பெயரை ஒட்டிக்கொள்ளும் ஒரே ஆள். கோல் போடுகிறவனுக்கு ஆயிரம் முதுகு கிடைக்கும், தடுக்கிறவனுக்குக் கிடைக்காது. அவருடைய கோல்கீப்பருக்குப் பதினான்கு எழுத்து. ஒரு தோளில் தொடங்கி மறு தோளில் கீழே விழாமல் நிற்கும். அதனால் அம்மாவுக்கு அவரும் பதினாலெழுத்து. "பதினாலெழுத்து வர்றா, கட்டருக்குப் புது பிளேடு போடு," என்பாள். குரலில் பிரியம் இருக்கும். காலையிலும் மாலையிலும் வேன் கடையைக் கடக்கும்போது இரண்டு முறை ஹார்ன் அடிக்கும். அம்மா தலை தூக்காமல் இடுக்கியை ஆட்டுவாள்.

"ஏன்க்கா கோல்கீப்பரையே பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முப்பது பிள்ளைங்கள வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டறேன். ஒண்ணும் நடக்காம வீடு போய்ச் சேரறதுதான் எனக்கு ஜெயிக்கறது. அவரு வேலையும் அதான்," என்றார்.

உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. தெரு முழுவதும் அந்நிய தேசத்துக் குடிமக்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு நாடு, அவர் மனைவி அதன் பகை நாடு. மாமாவின் நாடு முதல் சுற்றிலேயே வெளியேறியது. அவர் கவலைப்படவில்லை. "எங்களுக்கு இனிமே டென்ஷன் இல்ல," என்றார். பதினாலெழுத்தின் நாடு காலிறுதி வரை வந்துவிட்டது. வேன் அக்கா தன் பழைய முழுக்கை ஜெர்ஸியைக் கொண்டுவந்தார். அதன் கையில் போட்டியின் சின்னத்தை ஒட்ட வேண்டும். அன்று மாலை ஆட்டம், அதற்குள் வேண்டும்.

அம்மா திருகை ஏற்றினாள். தட்டை இறக்கினாள். நான் பின்னால் வினைல் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசனைதான் முதலில் சொன்னது. தட்டைத் தூக்கியபோது சட்டையின் கை கண்ணாடிபோல் பளபளத்துச் சுருங்கியிருந்தது. தட்டின் ஓரம் ஒரு கோடாகப் பதிந்திருந்தது.

"துணி சரியில்ல," என்றாள் அம்மா.

வேன் அக்கா குனிந்து பார்த்தார்.

"இது ஒரிஜினலே கெடையாது. எவனோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

"எங்க அக்கா அந்த ஊரு ஸ்டேடியத்துலயே வாங்கிட்டு வந்ததுங்க."

"அப்ப உங்க அக்காவ ஏமாத்திட்டானுங்க."

வேன் அக்கா சட்டையைக் கையில் எடுத்தார். சுருங்கிய இடத்தைத் தடவினார். பிறகு மடித்து, மேசையின்மேலேயே வைத்துவிட்டு வெளியே போனார். கோபமாகக்கூடப் போகவில்லை. அன்று மாலை பதினாலெழுத்தின் நாடு பெனால்டியில் தோற்றது. அம்மாவுக்கு அது சாட்சியமாகப் போய்விட்டது. "பாத்தியா? ராசியில்லாத துணி," என்றாள்.

மறுநாள் வேன் ஹார்ன் அடிக்காமல் கடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வேன் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே அவளுக்குப் பின்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். போன பிறகு திரும்பி வருவாள். சில சமயம் வாசலில் நின்று எந்தப் பக்கம் போயிற்று என்று பார்ப்பாள். ஒரே பக்கம்தான் போகும், ஒருவழிப் பாதை அது.

அடுத்தடுத்து இரண்டு சட்டைகள் கருகின. மிஷின் கெட்டுவிட்டது என்று அம்மா அறிவித்தாள். துணியிலிருந்து மிஷினுக்கு இறங்கி வந்ததையே நான் முன்னேற்றமாக எடுத்துக்கொண்டேன். ஆலையிலிருந்து கருவி கொண்டுவந்து தட்டின் சூட்டை மூலை மூலையாக அளந்தேன். திரையில் காட்டுவதற்கும் உண்மைக்கும் வித்தியாசம் அநேகமாக இல்லை. மிஷின் சுத்தம் என்று சொன்னேன்.

"உன் தெர்மாமீட்டர் சரியான்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு வேற ஒரு தெர்மாமீட்டர் இருக்கும்மா. அத வெச்சுச் சரிபாப்போம்."

"அதுக்கு?"

"அதுக்கும் ஒண்ணு இருக்கு."

"அப்ப எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் இருக்கான்னு நம்பித்தான் நீயும் வேல பாக்கற. அப்பறம் என்ன பெரிய இன்ஜினியரு?"

மருந்து ஏற்றும் மருத்துவமனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் இளைஞர், மரியாதையானவர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு விரலாக மழுங்கின ஊசியால் தொட்டார்.

"தொடும்போது மட்டும் சொல்லுங்கம்மா."

"தெரியுது," என்றாள் அம்மா. "தெரியுது. ம், இதுவும் தெரியுது. நல்லாவே தெரியுது."

டாக்டர் ஊசியை ஏற்கனவே மேசையில் வைத்துவிட்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே இன்னும் இரண்டு முறை "தெரியுது" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் அவள் கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். "அந்தப் பையனுக்குக் குத்தவே தெரியல," என்றாள்.

அவளிடம் கடையை மூடச் சொல்லலாம். சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டாள், கேட்டிருந்தால் அது இன்னும் மோசம். நான் வேறு ஒன்று செய்தேன். அவள் மருத்துவமனையில் இருந்த ஒரு நாளில் மிஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, திரை உண்மையைவிட முப்பது டிகிரி கூட்டிக் காட்டுமாறு மாற்றினேன். இனி அம்மா நூற்றி எண்பது வைத்தால் தட்டு நூற்றி ஐம்பதில் நிற்கும். அம்மாவிடம் மிஷினை ரிப்பேர் பண்ணிவிட்டதாக மட்டும் சொன்னேன். என் தொழிலில் இதற்குப் பெயர் மோசடி. ஆலையில் யாராவது செய்தால் சீட்டைக் கிழிக்கச் சொல்லி முதலில் கையெழுத்துப் போடுகிறவள் நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு சட்டையும் கருகவில்லை. அம்மா கடையில் இருந்தவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் தீர்ப்பு சொன்னாள்.

"பாத்தீங்களா? இவ வந்து ரிப்பேர் பண்ணதுக்கு அப்பறம் எப்படி ஓடுது! அப்ப மிஷின்லதான கோளாறு? நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ துணியிலன்னுல்ல சொன்ன?" என்றார் மாமா.

"துணியும்தான்."

அவள் வேலையைக் காப்பாற்றப் போய் அவளுக்கு விடுதலைப் பத்திரமும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. குற்றவாளி மிஷின் என்று ஆகிவிட்டால் வேன் அக்காவிடம் போய்ச் சொல்ல அவளுக்கு எதுவும் மிச்சமில்லை. வேன் ஹார்ன் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நாடு கோப்பையை வாங்கிற்று. தெரு தன் பழைய குடியுரிமைக்குத் திரும்பியது. பதினாலெழுத்துக் கோல்கீப்பர் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். வழக்கமான வரிசை வரவில்லை. தடுக்கிறவர்கள் ஓய்வு பெற்றாலும் அப்படித்தான். அந்த ஒரு செய்தியை மட்டும் மாமா அம்மாவிடம் சொல்லாமல் விட்டார்.

ஆகஸ்டில் புதுச் சட்டைகள் வந்தன. அம்மா மெலிந்தாள். ஆனால் வாய் மெலியவில்லை. எழுத்தை உரிப்பதற்கு நேரம் கூடியது. மாலையில் என்னை ஆலையிலிருந்து நேராக வரச் சொன்னாள். "உனக்கும் பொழுது போகணுமில்ல," என்றாள். பல் டாக்டர் வந்தது அந்த மாதக் கடைசியில்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் அம்மா இறந்தாள். காரணம் சான்றிதழில் இருக்கிறது. இங்கே வேண்டாம்.

காரியமெல்லாம் முடிந்து மாமாவும் நானும் கடையைத் திறந்தோம். உள்கதவின் பின்னால் அம்மாவின் துணிப்பை மாட்டியிருந்தது. அதில் ஒரு முழுக்கை ஜெர்ஸி, புதுசு. கையில் போட்டியின் சின்னம். முதுகில் பதினான்கு எழுத்து. எழுத்துகளின் ஓரங்கள் பல இடத்தில் பிய்ந்திருந்தன, இடுக்கி வழுக்கிய இடங்கள். கடைசி இரண்டு எழுத்து கொஞ்சம் சாய்ந்து நின்றது. அடியில், கருகிய பழைய சட்டை துவைத்து மடித்து வைத்திருந்தது. நான் ஆலையில் இருந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து செய்திருக்கிறாள். எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட என்னால் முடியவில்லை.

"யாரு ஆர்டரு?" என்றார் மாமா.

"ஆர்டர் இல்ல மாமா. வேன் அக்காவுக்கு."

மாமா புரியாமல் பழைய சட்டையை எடுத்துப் பார்த்தார். சுருங்கிய கையைக் கண்டதும் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அக்காவா?" என்றார். "நம்ம அக்காவா?"

ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டைத் தேட வேண்டியதில்லை, வாசலில் மஞ்சள் வேன் நின்றது. வேன் அக்கா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். செய்தி கேள்விப்பட்டபோது தான் ஊரில் இல்லை என்றார். டிவியை நிறுத்தினார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். அம்மாவின் வேலையை நான் செய்கிறேன். தப்பை ஒப்புக்கொள்கிற, அம்மாவுக்கே தெரியாத வேலை.

"உங்கம்மா இங்க வந்தாங்க, தெரியுமா?" என்றார் அவர்.

தெரியாது என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்துன ஞாயித்துக்கிழம. சாயங்காலம் மேட்ச் ஓடிட்டிருந்துச்சு. கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க, சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு, தோள்ல இதே பை. உள்ள வாங்கக்கான்னேன். வரல. 'ஸ்கோர் என்ன?'ன்னு கேட்டாங்க."

"அம்மாவா?"

"ஆமாங்கறேன். ஒண்ணுக்கு ஒண்ணுன்னேன். 'பரவால்லயே'ன்னாங்க. யாருக்கும் யாருக்கும்னு கூடக் கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது.

"அப்பறம் 'கோல்கீப்பர் சௌக்கியமா?'ன்னாங்க. எந்த கோல்கீப்பர்க்கான்னேன். 'உங்களவருதான்'ன்னாங்க. அவரு ரிட்டயர் ஆயிட்டாரேன்னேன். மூஞ்சியே மாறிப்போச்சு. 'யாரும் சொல்லல'ன்னாங்க. 'நல்ல ஆளு, நீளமான பேரு'ன்னாங்க. என்னமோ சொல்ல வர்ற மாதிரி வாயத் தெறந்தாங்க. தெறந்துட்டு, 'ரெண்டாவது பாதி எப்ப?'ன்னு கேட்டாங்க. எனக்கு அடுப்புல பால் பொங்குற சத்தம். இருங்கக்கா வந்துடறேன்னுட்டு உள்ள ஓடினேன்."

"வந்து பாத்தா போயிட்டாங்களா?"

"போகல. ஜன்னல் வழியா பாத்தேன். பையக் கழட்டி எங்க கேட்டு கொண்டில மாட்டிட்டு நடந்தாங்க. அந்தக் கம்பம் வரைக்கும் போயிருப்பாங்க. நின்னாங்க. திரும்பி வந்தாங்க. மாட்டின பையையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் வெளிய வரலாமா வேணாமான்னு யோசிக்கறதுக்குள்ள, கொண்டியிலேருந்து பைய எடுத்து நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு, எங்க வீட்டுலேருந்து எதையோ திருடிட்டுப் போற மாதிரி வேகவேகமா போயிட்டாங்க."